இந்தப் படத்தை எடுத்தது யார்?

மக்களே,

நலம் விசாரிப்பதையெல்லாம் போனிலேயே முடித்துவிட்டோம். நன்றாக இருக்கிறேன் என்று நீ சொன்னாய், நம்புகிறேன் என்று நானும் சொன்னேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்து பூஜை அறையில் இருக்கிறது. மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. இந்தச் சமயத்தில் அம்மா தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்றால் உனக்குத் தூக்கம் கெடும். கெடட்டும். கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய மூன்று போட்டோக்களும் என் தூக்கத்தையும் அப்படித்தான் கெடுத்தன. போனில் கேட்டால் ரேஞ்ச் இல்லை என்பாய், மீட்டிங் என்பாய். கடிதத்துக்கு ரேஞ்ச் வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. நீ படிக்கும்போது பக்கத்திலிருந்து இன்னொருவர் எட்டிப் பார்ப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தாராளமாகப் பார்க்கட்டும்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். பருப்பு வாங்கினால் மூட்டையின் மேலே இருப்பதைப் பார்க்க மாட்டேன், கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் சாதி நான் இல்லை. என் வேலையும் அதற்குத் தோதாகவே அமைந்துவிட்டது. கிழக்கேகோட்டை போட்டோ லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் கல்யாணப் படங்களை நாள் முழுக்க உற்றுப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி வெந்து போகாமல், பெண்ணின் கசவுச் சேலையின் ஜரிகை மஞ்சளாகாமல், மாமனாரின் கறுத்த முகம் இருட்டில் முங்கிப் போகாமல் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். எந்தப் படம் எந்த மாதிரிக் கேமராவில் எடுத்தது என்று பேர் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. மீன் விற்கிறவளுக்கு மீனின் வயது தெரிவது மாதிரிதான்.

போன வருஷம் எனக்குப் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று நீ கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கும். அந்த விற்பனைப் பெண் என்னைப் பார்த்ததுமே மலையாளத்தில் தொடங்கிவிட்டாள்.

“சேச்சி, இது இருநூறு மெகாபிக்ஸல் ஆணு.”

“அது இருக்கட்டும் மோளே. சென்சார் எத்தர வலுப்பம்?”

“சென்சாரோ? நல்ல சென்சார் தன்னே சேச்சி.”

நீ வெட்கப்பட்டு என் கையைப் பிடித்து இழுத்தாய். சென்சார் எவ்வளவு பெரிது என்று நான் கேட்டதில் தப்பு என்ன? வெளிச்சத்தை வாங்கும் அந்தச் சில்லு போனுக்குள் ஒரு சின்ன நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் கோடிக்கணக்கில் கண்களை அடைத்துவிட்டு, எண்ணிக்கையைச் சொல்லி விற்கிறார்கள். இடம் சின்னது, கண்கள் அதிகம், ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைக்கிற வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான். பகலில் பிழைத்துக்கொள்ளும். சாயங்காலமானால் அந்தக் கண்களுக்குச் சரியாகத் தெரியாது, படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். அது தெரியக் கூடாதென்று போன் தானே எல்லாவற்றையும் தேய்த்து வழவழப்பாக்கி, இல்லாத முடியையும் இல்லாத இலையையும் வரைந்து கொடுத்துவிடும். சாலைக் கடைத்தெரு இரைச்சலில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானே இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ரகம். பெரிய சென்சார் வைத்த கேமரா அப்படிச் செய்யாது. அதற்கு இருட்டில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று புள்ளியைப் புள்ளியாகவே காட்டிவிடும். அதனால்தான் எனக்கு அந்தப் பொடிப்புள்ளி மேல் ஒரு மரியாதை உண்டு.

இப்போது உன் முதல் போட்டோவுக்கு வருகிறேன். உன் வீட்டுப் பால்கனியில், விளக்கு வைக்கிற நேரத்தில், காப்பி டம்ளரோடு நிற்கிறாய். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரெண்டாவது தடவை பார்த்தபோது சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. உனக்குப் பின்னால் இருக்கிற கட்டடங்கள் வெண்ணெய் மாதிரிக் கரைந்திருந்தன. உன் சட்டையின் நிழல் பக்கத்தில் பொடிப்புள்ளி இருந்தது. பால்கனி விளக்குக்குக் கீழே உன் தோள்பட்டை வெளுத்து, துணியின் இழையே தெரியாமல் போயிருந்தது. புதுக் கேமராவாக இருந்தால் அந்த வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரத் தாங்கியிருக்கும். இது பெரிய சென்சார், ஆனால் பழையது. உடனே உனக்குப் போன் போட்டேன்.

“யாரு மக்களே எடுத்தது?”

“ஒரு ஃப்ரெண்டும்மா. அதுக்கென்ன இப்போ?”

“ஃப்ரெண்டுக்குப் பேரு இல்லியோ?”

“பேரு சொன்னா ஒனக்குத் தெரியுமா? வெறுதே சம்சயப்படாதேம்மா.”

வெறுமனே சந்தேகப்பட எனக்கு என்ன வேண்டுதலா? நீ பேர் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சொல்லாததால் என் மனசு போகாத இடமெல்லாம் போயிற்று. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: அது ஒரு பெண் என்று நினைத்தேன். சௌமியாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கும்போது கோயம்புத்தூரில் இன்னொருத்தி காப்பி போட்டுக் கொடுத்துப் போட்டோவும் எடுக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். சௌமியா அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து முறுக்குப் பிழிய உதவினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேபில் பக்கத்து சீட்டு லதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். “சேச்சிக்கு எந்தா, சி.ஐ.டி. வேலையா? மோன் கல்யாணம் நடக்கட்டே, விடு சேச்சி,” என்றாள். விட முடியவில்லை.

ரெண்டாவது படம் மலைக்கோயில் படிக்கட்டில், அந்தி மயங்கிய பிறகு எடுத்தது. இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே, வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்தார் என்று நீயே எழுதியிருந்தாய். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிரிண்ட் போட வேண்டும், ஒரிஜினலை டாக்குமென்டாக அனுப்பு என்றேன். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைப் பிழிந்து சக்கையாக்கிவிடும், டாக்குமென்டாக வந்தால் எடுத்தது எடுத்தபடி வரும். நீயும் சூது தெரியாமல் அனுப்பிவிட்டாய். லேப் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம், கீழ் மூலைக்குக் கொஞ்சம் மேலே, படிக்கட்டு இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் புள்ளியை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது, கேமரா வாங்கிய புதிதில், உன் அப்பா நம் ரெண்டு பேரையும் விழிஞ்ஞம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டத் தொடங்கிய கடலில் மீன்பிடி வள்ளங்களின் விளக்குகளைப் படம் எடுத்தார். மறுநாள் ஸ்டுடியோவில் படத்தை விரித்தபோது, “அந்தச் செவப்பு லைட்டு எந்த வள்ளம்பா?” என்று நீ கேட்டாய். அது வள்ளம் இல்லை. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது, அதற்கடுத்த படத்திலும் இருந்தது. சென்சாரில் இருக்கும் அத்தனை கண்களில் ஒன்று பிறவியிலேயே கோளாறு. வெளிச்சம் விழாவிட்டாலும் விழுந்தது என்று அடித்துச் சொல்லும். வெயிலில் எடுத்தால் தெரியாது, மங்கலில் எடுத்தால் தலைகாட்டிவிடும். கேமராவைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள் என்றேன். “அது கெடந்துட்டுப் போட்டும். கேமராவுக்குத் திருஷ்டிப் பொட்டு,” என்று சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவர் எடுத்துவிட்டுப் போய்விடுவார். சாலைக் கடைத்தெருவில் நாம் ஸ்டுடியோ நடத்திய காலம் முழுக்க, ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தப் புள்ளியை உட்கார்ந்து அழித்தது நான்.

திருஷ்டிப் பொட்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர்கள் வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. சென்சாரில் தூசி படிந்து படங்களில் கறுப்புக் கறுப்பாக விழுந்துகொண்டிருந்த நேரம் அது. நான் வேகத்தில் தூசியோடு தூசியாக, குழந்தையின் கன்னத்தில் வைத்திருந்த மைப்பொட்டையும் ஆல்பம் முழுக்க அழித்துவிட்டேன். தூசி என்றால் குழந்தை நகர்ந்தாலும் அது நகராது, பொட்டு குழந்தையோடு சேர்ந்து நகரும். இந்த வித்தியாசத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். “பிள்ளைக்கு நான் வச்ச பொட்டை எதுக்கு அழிச்சிய? ஆல்பம் வந்த அண்ணைக்குப் பிடிச்சே பிள்ளைக்குக் காய்ச்சல்,” என்று நின்றாள். உன் அப்பா என்னைப் பேசவே விடவில்லை. “நான்தான் அழிச்சேன் அக்கா. தூசின்னு நெனச்சுட்டேன்,” என்று சொல்லி, ஒவ்வொரு படத்திலும் பொட்டைத் திரும்ப வைத்துப் புது ஆல்பம் போட்டுக் கொடுத்தார். வேறொரு பெண்ணாக இருந்தால் புருஷன் தன்னைக் காப்பாற்றினார் என்று பூரித்துப் போயிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த மனுஷர் எதற்காக என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், வேறு எதையோ மறைக்கிறாரோ என்று அவருடைய சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு பஸ் டிக்கெட்டும் பாக்குப் பொட்டலமும் இருந்தன. அவர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது, நாகர்கோவிலில் ஒரு கல்யாணம் என்று கேமராப் பையோடு போனவர் திரும்பி வரவில்லை. பிறகு போனில் சொன்னார்: “இனி வரல. நீ என்னை விசாரிச்சுக்கிட்டே இருக்க. முடியல.” என் சந்தேகம்தான் அவரை விரட்டியது என்று ஊரில் சொல்வார்கள், உன் மாமாவே சொல்வான். நான் அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். வளர்கிற பிள்ளையை விட்டுவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு போகிறவரை எப்படி நம்புவது? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறியதாக நடிக்கவும் போவதில்லை.

ஆனால் மக்களே, புள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் நான் தீர்ப்பு எழுதிவிடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் கேமராவை அவர் எப்போதோ விற்றிருக்கலாம். உன் ஃப்ரெண்டு பழைய கேமராக் கடையில் அதை வாங்கியிருக்கலாம். அதனால்தான் மூன்றாவது படத்தைக் கேட்டேன். சௌமியா படத்தோடு சேர்த்து ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும், வேட்டி கட்டி நின்றபடி, நீளவாக்கில், குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு என்று சொன்னேனே, அது ஃப்ரேமுக்காக இல்லை. நீளவாக்கில் எடுக்கக் கேமராவைச் சாய்க்க வேண்டும். ஊரில் எல்லாரும் வலது கை மேலே வரும்படி சாய்ப்பார்கள். அப்படிச் சாய்த்தால் அந்தப் புள்ளி படத்தின் கீழே வலது மூலைக்கு வரும். உன் அப்பா மட்டும் வலது கை கீழே வரும்படி சாய்ப்பார். ஒரு மண்டபத்தில் ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அவர் எடுத்தால் புள்ளி மேலே இடது மூலைக்குப் போய்விடும். ஸ்டுடியோவில் இதை வைத்துத்தான், இது அவர் எடுத்த படம், இது உதவிக்கு வந்த ஆள் எடுத்த படம் என்று பிரிப்பேன்.

ரூம்மேட் எடுத்தான், ஆபீஸ் கேமரா என்று எழுதி அனுப்பினாய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், உன் புளுகு அன்று மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு படத்தைத் திறந்தேன். நீ விளக்குப் பக்கத்தில் நிற்கிறாய். வேட்டி கட்டத் தெரிந்திருக்கிறது, யார் கட்டிவிட்டது என்று கேட்கப் போவதில்லை. மேலே இடது மூலையில், சுவரின் இருட்டில், சிவப்புப் புள்ளி இருந்தது. பழகிய கை, அழிக்கிற பிரஷ் தானாகவே அங்கே போய் அழித்துவிட்டது. அப்புறம் பதறிப் போய் அழித்ததை ரத்து செய்து புள்ளியைத் திரும்ப வரவழைத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த ஒரு புள்ளி மட்டும் இல்லை. அங்கங்கே நீலமும் வெள்ளையுமாகப் புதிது புதிதாக நிறையப் புள்ளிகள். சென்சாருக்கு வயதானால் இப்படித்தான் ஒவ்வொரு கண்ணாகக் கெட்டுப் போகும். கல்யாணம் எடுத்துப் பிழைக்கிறவர் யாரும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு கேமராவை வைத்திருக்க மாட்டார். அப்படியென்றால் இவர் இப்போது என்ன செய்கிறார், எப்படிச் சாப்பிடுகிறார்? ஏன் இதை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறார்? யோசிக்க யோசிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. லதா வந்து தோளைத் தொட்டபோது கண்ணில் தூசி என்றேன். அவள் நம்பவில்லை.

அழுதேன் என்பதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எத்தனை காலமாக நடக்கிறது இது? அவர் உன்னைத் தேடி வந்தாரா, நீ அவரைத் தேடிப் போனாயா? கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது என்று நீ துள்ளினாயே, அது வேலைக்காகவா, இல்லை அவர் அங்கே இருக்கிறார் என்பதற்காகவா? என்னைப் பற்றி உங்கள் ரெண்டு பேருக்குள் என்ன பேசிக்கொள்கிறீர்கள்? கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பேச வேண்டாம், என் ஃப்ரெண்டு ஒருத்தன் கோயம்புத்தூரிலிருந்து வந்து எடுப்பான் என்று ரெண்டு மாதமாகச் சொல்கிறாயே, அந்த ஃப்ரெண்டு யார் என்றும் இப்போது விளங்கிவிட்டது. மண்டபத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் மத்தியில், முகத்துக்கு முன்னால் கேமராவைப் பிடித்துக்கொண்டு அவர் நடமாடுவார். எல்லாரும் அவரை அடையாளம் கண்டுகொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்திருக்காது. அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட அதை அம்மாவின் இலையில் வைத்து மறைக்க மாட்டான்.

நீ அவரைப் பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. உன்னை நான் தனியாக வளர்த்தேன் என்ற நினைப்பில் யாரோ பங்கு கேட்பது மாதிரி இருக்கிறது. ஆனால் என்னிடம் சொன்னால் உன்னை இழுத்துப் பிடிப்பேன், கேள்வி கேட்டே கொல்வேன் என்று பயந்துதானே மூன்று படத்துக்கு மூன்று ஆளைப் படைத்தாய்? அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தது நான்தான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் சௌமியாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் நாளைக்கு ஏதாவது கேட்டால், முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிடு. பேரைக் கேட்டால் பேரைச் சொல். நீ சொல்லாமல் விடும் இடத்தையெல்லாம் அவள் தானே யோசித்து நிரப்பிக்கொள்வாள், அது நீ செய்ததைவிட மோசமாகத்தான் இருக்கும். நான் உனக்கு ஒரு கள்ளக் காதலியையே உண்டாக்கிவிட்டேன் பார். அவள் என்னைப் போல ஆகிவிடக் கூடாது. ஆகாமல் பார்த்துக்கொள்வது பாதி அவள் கையில் இருக்கிறது, பாதி உன் கையில்.

இனி அவருக்கு. நேரடியாக எழுத வரவில்லை, அதனால் உன்னிடமே சொல்கிறேன், நீ படித்துக் காட்டு. கல்யாணத்துக்கு வேறு போட்டோகிராபரை நேற்றே பேசி முடித்துவிட்டேன். நல்ல கேமரா வைத்திருக்கிறார், நானே கையில் வாங்கிப் பார்த்தேன். ஆகவே கோயம்புத்தூர் ஃப்ரெண்டுக்கு மண்டபத்தில் வேலை கிடையாது. தாலி கட்டியதும் நீயும் சௌமியாவும் பெற்றவர்கள் காலில் விழ வேண்டும். என் பக்கத்தில் உன் மாமா நிற்பதாகத்தான் ஏற்பாடு. அவனிடம் நகர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான், சொன்னேன். பிறகு, அவருக்குச் சட்டை வேட்டி எடுக்க வேண்டுமே, அளவு தெரியுமா என்று கேட்டான். பழைய அளவைச் சொல்லியிருக்கிறேன். இளைத்திருந்தால் நீ இப்போதே சொல்லிவிடு.

அந்தக் கேமரா கோயம்புத்தூரிலேயே இருக்கட்டும். வெறுங்கையோடு வந்து, எல்லாரும் பார்க்க, என் பக்கத்தில் நிற்கச் சொல். நான் பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று மட்டும் சொல், அதை அவர் நம்ப மாட்டார், பரவாயில்லை. வருவார் என்று நீ எனக்குச் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். வந்து நிற்கட்டும், அப்புறம் நம்புகிறேன்.

அம்மா